லிஃப்டுக்குச் சில்லறை

எங்கள் படம் ஒன்பது நிமிடம்.
அதற்கு நான் போட்ட அட்டவணை பதினொரு பக்கம்.
அனுக்கி இயக்குகிறாள். தோர்நிக்கே ஒலி.
நான் தயாரிப்பு:
அதாவது, சாவி யாரிடம் இருக்கிறது
என்று தெரிந்தவள்.

திபிலிசியின் வடக்கு முனையில் பதினாறு மாடிக் கட்டடம்.
காசு போட்டால்தான் ஏறும் அதன் லிஃப்ட்.
கதை முழுக்க அதற்குள்ளேதான்.
பட்ஜெட்டில் கேமரா வாடகைக்கும் மேலே
நான் எழுதிய முதல் வரி:
இருபது தெத்ரி நாணயம், இருநூறு.
பேராசிரியர் மனானா சிவப்பு மையில் கேட்டிருந்தார்,
இது நகைச்சுவையா?
இல்லை.
ஒரு டேக்குக்கு ஒரு நாணயம்,
அனுக்கி பதினேழு டேக் கேட்பவள்.

விடிகாலை நான்கரைக்கு ரொட்டிக் கடை.
குராம் அடுப்புச் சுவரில் அறைந்து எடுப்பதை
விரல் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றுவேன்.
மெட்ரோவில் நின்றபடி தணிக்கைப் பாடம்
(கத்தரி போடும் தணிக்கை அல்ல, கணக்குப் பார்ப்பது).
ஒன்பதுக்கு வகுப்பு.
பன்னிரண்டுக்கு நகராட்சி ஜன்னல்,
வரிசையில் முப்பத்தொன்றாவது ஆள்,
கையில் மாவு படிந்த அனுமதி விண்ணப்பம்.

லூக்காவின் பல் டாக்டருக்கு
அட்டவணையில் மஞ்சள் கட்டம் உண்டு.
நடிகை நீனியா கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்
இருபது நிமிடம் பச்சை.
எனக்கென்று நிறம் எதுவும் மிஞ்சவில்லை.
புதன் இரண்டு மணிக்கு
நான் மூன்று இடத்தில் இருந்தேன்.
அதில் ஓரிடம் பரீட்சை ஹால்.
கெஞ்சி அதை வியாழன் காலை எட்டுக்குத் தள்ளினேன்.
குத்தாயிசியிலிருந்து அம்மா போன்:
சாப்பிட்டாயா?
மூச்சுவிட நேரமில்லைம்மா.
வைத்துவிட்டேன்.

புதன் இரவு.
ஒன்பதாவது மாடிக்காரர் ஒருவர்
வாஷிங் மெஷினோடு வந்து
லிஃப்டைக் கேட்டார், அவருடைய லிஃப்ட்தானே.
இரண்டு மணி பத்துக்கு நாணயம் தீர்ந்தது.
மருந்துக் கடைக்கு ஓடினேன்,
சில்லறை இல்லை, இருமல் மிட்டாய் இருந்தது.
திரும்பினால் அதே மனிதர், செருப்பில்லாமல்,
ஜாம் பாட்டில் நிறைய இருபது தெத்ரி.
சீக்கிரம் முடியுங்கள், என் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசி வேலை ரூம் டோன்.
ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது.
ஆளில்லாதபோது அந்த இடம்
தன்பாட்டுக்கு எப்படிக் கேட்கும்
என்று மைக் குறித்துக்கொள்ளும்.
பதினொரு பக்கத்தில் அதை எழுத மறந்திருந்தேன்.
ஆக அந்த நிமிடத்தில் எனக்கு வேலை இல்லை.
ஐந்து பேர், மூடிய கதவு.
தகரச் சுவரில் சாய்ந்தேன்.
ஜாம் பாட்டில் என் இடுப்போடு.

காலை எட்டு மணி.
மூன்றாம் கேள்வி, சராசரியிலிருந்து விலகல்.
ஏதோ எழுதினேன்.
ஐம்பத்திரண்டு வந்தது. ஐம்பத்தொன்று போதும்.

இரண்டு வாரம் கழித்து எடிட் அறையிலிருந்து தோர்நிக்கே:
உன் அமைதி அமைதியாக இல்லை, வந்து கேள்.
ஹெட்போனில் மின்விசிறி முனகல்,
எங்கோ கம்பி உரசல்,
பிறகு ஒரு மூச்சு.
நீளமாக, அவசரமே இல்லாமல்,
முடிவில் மூக்குக்குள் சின்ன விசில்.
நின்றபடியே தூங்கியிருக்கிறாய், என்றான்.

மறுபடி பதிவு செய்ய
லிஃப்ட் வேண்டும், அனுமதி வேண்டும்,
ஐந்து பேருக்கும் ஓய்வான ஓர் இரவு வேண்டும்.
அட்டவணையைத் திறந்தேன்.
மூடினேன்.

திரையிட்ட அன்று, படத்தின் கடைசிக் காட்சி:
காலி லிஃப்ட், கதவு மூடுகிறது,
இருட்டில் அந்த மூச்சு.
முன்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார்,
அது யார், இறந்துபோன கணவனா,
கட்டடமே விடும் மூச்சா?
அனுக்கி நிதானமாகத் தலையாட்டினாள்,
இரண்டும்தான் என்பதுபோல.

கைத்தட்டலில் பாதி எனக்குக் கேட்கவில்லை.
பின்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன்.
அறுபது நாற்காலி, வாடகை,
ஒன்பதுக்குள் திருப்ப வேண்டும்.
ஐம்பத்தொன்பதுதான் இருந்தது.